கோர்ட்டு வாசலிலிருந்து ஒரு மைல்

உப்புக்கடலைப் பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கிழித்து, கோக் பாட்டிலின் கழுத்துக்குள் கடலையை ஒவ்வொன்றாகப் போடுகிறார் மிஸ் வெர்டெல் ஹைட்டவர். நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது உதட்டை வைத்து அடக்கிவிட்டு, அடுத்த கடலை. பொட்டலம் தீரக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரத்துக்கு என் மருந்துக்கடையில் சோடா விற்கும் கவுண்டரின் மூன்றாவது ஸ்டூல் அவருடையது. காலை பத்து மணிக்கு வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் கோபிக்க மாட்டார். பக்கத்தில் நின்றபடி, அந்த ஆளுடைய தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார், எந்த வருஷம் அந்த வீட்டுக் குழாய் வெடித்தது என்று நிதானமாக விசாரிக்கத் தொடங்குவார். உட்கார்ந்திருப்பவர் தானாகவே எழுந்துவிடுவார்.

எழுபத்திரண்டு வயது. நல்ல உயரம். நடக்கும்போது தலை எப்போதும் தரையைப் பார்த்தபடி இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அடக்கம் என்றோ முதுகுவலி என்றோ தோன்றும். இரண்டும் இல்லை. முப்பத்தொரு வருஷம் டாரோ நகரசபைக்குத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மீட்டர்கள் புல்லுக்கடியில், இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும். மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கி, குனிந்து எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, மூடியை மறுபடி மிதித்துப் பொருத்த வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு மூடி.

"மூடிக்குள்ள என்னென்ன இருக்கும் தெரியுமா டாக்?" என்பார். இந்தப் பக்கத்தில் மருந்துக் கடைக்காரனையும் டாக்டர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். "கறுப்புச் சிலந்தி, வயித்துல செவப்புப் பொட்டோட. தேரை. ஒருநாள் பாம்பு. நம்பர் மேலயே சுருண்டு படுத்திருச்சு. 'எந்திரிங்க சார், ரீடிங் எடுக்கணும்'னேன். எந்திரிக்கல. போன மாச நம்பரையே எழுதிட்டு வந்துட்டேன். அந்த வீட்டுக்காரிதான் இந்த ஊர்லயே தண்ணி செலவைப் பத்திப் பொலம்பாத ஒரே ஆளு."

தெருப் பெயர்களை அவர் பொருட்படுத்துவதில்லை. அவருக்கு ஊர் என்பது மூடிகளின் வரிசை. வங்கி மேனேஜர் வீடு அவருக்கு 'துருப்பிடிச்ச மூடி'. பாப்டிஸ்ட் தேவாலயம் 'ரெண்டு மூடி, ஒண்ணு ஒழுகும்'. யாராவது வழி கேட்டால் இப்படித்தான் சொல்வார். கேட்டவர் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்து வந்துவிடச் சொல்கிறாள். 'தனியா ராத்திரி தூங்குறீங்களா, நிஜமா தூங்குறீங்களா' என்று கேட்கிறாளாம். "கட்டையாட்டம் தூங்குறேன்னு சொல்லிடுவேன். இல்லேன்னா அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துட்டு வந்து என்னைய டிக்கியில போட்டுட்டுப் போயிருவா" என்று சிரிப்பார்.

வரைபடத்தில் டாரோ ஒரு வட்டம். கல்லில் ஊற்றிய தோசைபோல, ஓரம் கொஞ்சமும் கோணாத வட்டம். நடுவில் கோர்ட்டு. ஜார்ஜியாவின் நடுப்பகுதியில், செம்மண்ணும் வெள்ளைக் களிமண்ணும் சந்திக்கும் மேட்டில் எங்கள் ஊர் இருக்கிறது. வின்ஃபீல்ட் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் தலைமையூர் முதலில் இங்கே இல்லை. ஏழு மைல் தள்ளி ஆற்றோரத்தில் இருந்தது. ஒரே கோடையில் ஒரு நீதிபதியும் இரண்டு குமாஸ்தாக்களும் காய்ச்சலில் போனபிறகு, பெட்டி படுக்கையோடு மேட்டுக்கு ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல மிஸ் வெர்டெலைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்: "நீதிபதி செத்ததும் ஊரே நகந்துருச்சு பிள்ளைங்களா. அதுக்கு முன்னாடி அதே காய்ச்சல்ல எங்க கறுப்பு ஆளுங்க எத்தனை பேரு போனாங்கன்னு எண்ணிப் பாக்க ஒருத்தருக்கும் நேரமில்ல." ஆசிரியைகள் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

மேட்டுக்கு வந்த கனவான்களுக்கு எல்லை அளக்கப் பொறுமையில்லை. வெயில் வேறு. 'கோர்ட்டு வாசலிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரு மைல்' என்று சாசனத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். கோர்ட்டு 1911இல் எரிந்தது. எரிந்த கோர்ட்டின் வாசல் தெற்கு நோக்கி இருந்தது. புதிதாகக் கட்டியவர்கள் வாசலை வடக்கே, ரயில் நிலையத்தைப் பார்த்து வைத்தார்கள். ரயிலில் வந்திறங்கும் பருத்தி வியாபாரிகளுக்குத் தூண்கள் தெரிய வேண்டுமாம். வாசல் நூற்றுப் பத்தடி வடக்கே போனது. வாசலோடு சேர்ந்து ஊரும் நூற்றுப் பத்தடி வடக்கே போய்விட்டது என்பது நூறு வருஷத்துக்கும் மேலாக ஒருவருக்கும் தோன்றவில்லை. பருத்தி போய்விட்டது. ரயில் இப்போது நிற்பதில்லை. களிமண் ஏற்றிய பெட்டிகள் மட்டும் ராட்சதப் பல்வரிசைபோல ஊரைக் கடந்து போகின்றன.

தெற்கு ஓரத்தில், வட்டத்தின் விளிம்பில் மிஸ் வெர்டெலின் வீடு. அதைத் தாண்டினால் சரிவு. சரிவுக்குக் கீழே கெட்டில் பள்ளம், பத்தொன்பது வீடுகள். அங்கே நகரசபைத் தண்ணீர் கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் முட்டை நாற்றம். வெள்ளைத் துணியை நனைத்தால் தேநீர் நிறத்தில் வரும். வட்டத்துக்கு வெளியே யார் குடியிருப்பது என்று முதல் வட்டம் போட்ட காலத்திலேயே முடிவாகியிருந்தது. மீட்டர் பார்த்த முப்பத்தொரு வருஷமும் தன் வீட்டு மூடியைத்தான் கடைசியாக மிதித்து மூடிவிட்டு, சரிவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பாராம். "அதுக்கு மேல எழுத எனக்கு நம்பர் இல்ல" என்றார் ஒருமுறை. ஓய்வு பெற்றதும் கவுன்சிலருக்கு நின்றது இதற்காகத்தான். பதினாறு வருஷம் ஒரே கோரிக்கை: பள்ளத்துக்குக் குழாய். பதினாறு வருஷம் ஒரே பதில்: ஊர் எல்லைக்கு வெளியே.

இந்த ஏப்ரலில் மாநிலத்திலிருந்து குழாய்க்கு நிதி வந்தது. செப்டம்பருக்குள் நகரசபை இறுதி ஓட்டு எடுத்து வேலையைத் தொடங்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். கவுன்சிலில் ஐந்து பேர். முதல் ஓட்டு மூன்றுக்கு இரண்டு, குழாய் பக்கம். மிஸ் வெர்டெல் இல்லையென்றால் இரண்டுக்கு இரண்டு. அப்போது மேயர் ஓட்டு. மேயர், எதிர்த்து ஓட்டுப் போட்ட டப் டில்லரியின் மைத்துனர்.

டப் தீவனக்கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முதல் ஓட்டுக்கு மறுவாரம் மேக்கன் நகரத்திலிருந்து ஒரு சர்வேயரை வரவழைத்தார். அவர் செயற்கைக்கோளிடம் கேட்டு அளந்து, இப்போதைய கோர்ட்டு வாசலிலிருந்து ஒரு மைல் என்றால் கோடு மிஸ் வெர்டெல் வீட்டுக்குள்ளே போகிறது என்று எழுதிக் கொடுத்தார். முன்னறையும் சமையலறையும் ஊருக்குள். படுக்கையறையும் குளியலறையும் வெளியே. கவுன்சிலர் ஊருக்குள் குடியிருக்க வேண்டும். கோடு வீட்டை இரண்டாக வெட்டினால், ஆள் எந்தப் பக்கம் தூங்குகிறாரோ அந்தப் பக்கம்தான் குடியிருப்பதாகக் கணக்கு என்றார் கவுண்டி வக்கீல். தேர்தல் குழு நேரில் வந்து பார்த்து முடிவுசெய்யும்.

மிஸ் வெர்டெலின் பதவியை எதிர்த்துத் தேர்தல் குழுவிடம் மனுக் கொடுத்த அன்று காலை பத்து மணிக்கே டப் என் கடைக்கு வந்தார். கையில் தோட்டத்துத் தக்காளி ஒரு பை. அதை மிஸ் வெர்டெலின் கோக் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மிஸ் வெர்டெல், இதுல சொந்தப் பகைன்னு ஒண்ணும் இல்லீங்க. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

டப்பின் அப்பாவை, வெள்ளைக்காரர் என்பதால், 'மிஸ்டர்' போட்டுத்தான் மிஸ் வெர்டெல் கூப்பிட வேண்டியிருந்தது. மகனுக்கு அது வேண்டியதில்லை என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்.

"இந்தச் சட்டம் உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு டப்? குழாய்க்கு மூணு ஓட்டு விழுந்த மறுநாளா?"

"வெளியில இருக்குறவங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்க."

"தண்ணிதானே கேப்பாங்க. பாலா கேக்கப் போறாங்க?"

"நான் சொல்ல வந்தது..."

"இரு இரு. தெக்கால ஊரு நூத்திப்பத்தடி சுருங்கிருச்சுன்னா வடக்கால வளந்திருக்கணுமே. அங்க உன் மாட்டுக் கொட்டகைதான இருக்கு?" கடலையை மென்றபடி யோசித்தார். "அப்ப என்னைய வெளிய தள்ளிட்டு உன் மாடுங்களைக் குடியேத்தியிருக்க. அதுங்களுக்கு ஓட்டு எப்ப வருது?"

மற்ற ஸ்டூல்களில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். டப்பும் சிரித்தார், காது சிவக்க. போகும்போது, "தக்காளியை வெயில்ல வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு மிஸ் வெர்டெல் பாட்டிலைத் தொடவில்லை. அடியில் ஊறிக் கிடந்த கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லவா டாக்? நான் வெளியதான்னு அவங்க எழுதிட்டா, அன்னிக்கு சாயங்காலம் எனக்கு மீட்டிங் இல்ல. அதுக்கு மறுவாரமும் இல்ல. பதினாறு வருஷமா அந்த மேசையில உக்காந்து அதே வாய்ங்க அதே பேச்சைப் பேசுறதைக் கேக்குறேன். கேட்டுக் கேட்டு எனக்கு எலும்புக்குள்ள அசதி."

 கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எனக்கு வேடிக்கைக் கேள்வி அல்ல. இந்த நாட்டில் நிலையாக இருக்க நான் போட்ட விண்ணப்பம் பதினோராவது வருஷமாக வரிசையில் நிற்கிறது. அரசாங்க உறை எது வந்தாலும் பிரிப்பதற்கு முன் ஒரு முறை கை கழுவுகிறேன். "கட்டிலைத் தூக்கி முன்னறையில் போட்டுவிடுங்களேன்" என்று சொன்னேன். பயந்தவன் சொல்லும் யோசனைதான் அது.

அந்த யோசனையை ஊரே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் புதன்கிழமை மத்தியானத்தோடு கடைகளை மூடிவிடுவோம். அந்த மத்தியானங்களில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகளை நானே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொள்வது வராந்தாவில். நாலு வருஷத்துக்கு முன் அவர் கணவர் ஏமஸ் இறந்ததிலிருந்து யாரையும் வராந்தாவைத் தாண்டி அவர் விடுவதில்லை. "உள்ள ஒரே குப்பை" என்பார். ஏமஸ் களிமண் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். கடைசி ஒரு வருஷம் மூச்சுக்குப் போராடினார். அவருக்கான மருந்தெல்லாம் என் கையால் எடுத்துக் கொடுத்தவைதான்.

அப்படி நான் மாத்திரை கொண்டுபோன ஒரு புதன்கிழமை, ஏமஸின் தங்கை க்ளியோட்டா பள்ளத்திலிருந்து வந்து, முற்றத்துக் குழாயில் பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு கேன். அறுபத்தெட்டு வயசுக்கு அந்தக் கைகள் அசாத்தியமான கைகள்.

"அண்ணி, நாலு ஆளு வந்தா பத்து நிமிஷ வேலை. கட்டிலைக் கழட்டி முன்னாடி போட்டுட்டு, அவனுங்க போனதும் திருப்பிப் போட்டுக்கலாம்."

"கட்டில் நகராது."

"ஏன் நகராது? வேரு விட்டிருக்கா?"

"உங்கண்ணன் அங்க போட்டாரு. அங்கயேதான் கெடக்கும்."

"எங்கண்ணன் செத்துட்டாரு அண்ணி. நான் இன்னும் சாகல. எனக்குத் தண்ணி வேணும்." க்ளியோட்டா குழாயை மூடவில்லை. கேன் நிரம்பி வழிந்து மண்ணில் ஓடியது. "நீங்க கெஞ்ச வேணாம், பொய் சொல்ல வேணாம். ஒரு கட்டிலை நகத்துங்கன்னுதானே கேக்குறேன்?"

"பட்டப்பகல்ல என் படுக்கையைத் தூக்கிட்டுப் போறதை ஊரே வேடிக்கை பாக்கணுமா? நாடகம் போடுற வயசா எனக்கு?"

"பெருமை! பெருமையைப் புடிச்சு இந்தக் கேன்ல ஊத்திக்கிட்டுப் போறேன், குடிக்கலாம்!" என்றார் க்ளியோட்டா. கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கினார்.

மிஸ் வெர்டெல் எழுந்துபோய்க் குழாயை மூடினார். மாத்திரையை வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். கண்ணுக்குக் கீழே தோல் பையாகத் தொங்கியது. "சரியாகத் தூங்குகிறீர்களா?" என்று, மருந்துக்கடைக்காரன் கேட்கிற மாதிரி கேட்டேன். "கட்டையாட்டம்" என்றார்.

தேர்தல் குழு ஜூலை மாதத்து இரண்டாம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. அவர்களுக்கும் கடை மூடிய நாள்தான் வசதி. தலைவி மிஸ் யூஜீனியா வேட், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கூட இரண்டு உறுப்பினர்கள், சர்வேயர், மனுக் கொடுத்தவர் என்ற முறையில் டப். க்ளியோட்டா கோபம் தீராமலே வந்திருந்தார். மாத்திரைப் பையோடு நானும் மாட்டிக்கொண்டேன். அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் காலடி வைத்தேன். குப்பை ஒன்றும் இல்லை. முன்னறையில் வெயிலுக்குத் திரை போட்டு, ஒரு மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடும்பப் படங்கள், தொலைக்காட்சி, பழைய நாற்காலி ஒன்று. எல்லோரும் அதைத் தாண்டி உள்ளே போனோம்.

சர்வேயர் சமையலறை மூலையிலிருந்து நடையின் குறுக்கே தரையில் நீல நிற நாடாவை ஒட்டினார். பெயின்ட் அடித்துவிடுவாரோ என்று க்ளியோட்டா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடா, படுக்கையறைக் கதவுக்கு மூன்றடி முன்னால் போனது.

"அவ்ளோதாங்க" என்றார் சர்வேயர். "இந்தப் பக்கம் ஊரு. அந்தப் பக்கம் கவுண்டி."

நாடாவைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனோம். அகலமான கட்டில். வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். இரண்டு தலையணைகள், பக்கத்துக்கு ஒன்றாக. ஏமஸின் பக்கத்து மேசையில் ஆக்சிஜன் குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது நான் கொடுத்ததுதான். அதன் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது.

மிஸ் யூஜீனியா தாளில் எதையோ நிரப்பினார். பிறகு விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்துப் பார்த்தார். விரல்களில் மெல்லிய தூசி. அந்தத் தூசியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ் வெர்டெல், சத்தியம் பண்ண வைக்க மாட்டேன். கேக்குறேன், அவ்ளோதான். ராத்திரி எங்க தூங்குறீங்க?"

"இதுதானுங்க அவங்க ரூமு" என்றார் டப், தணிந்த குரலில். "எல்லாருக்கும் தெரியும்."

"உன்னைக் கேக்கல டப்" என்றார் மிஸ் யூஜீனியா. ஒரு காலத்தில் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் டப். வாயை மூடிக்கொண்டார்.

 மிஸ் வெர்டெல் கட்டிலைப் பார்க்கவில்லை. 'இங்கேதான்' என்று சொன்னால் போதும், மீட்டிங் இல்லாத சாயங்காலங்கள் எல்லாம் அவருடையவை. க்ளியோட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் நின்றார். நாற்றத் தண்ணீரில் துவைத்த அவருடைய சட்டை நிஜமாகவே தேநீர் நிறத்தில் இருந்தது.

மிஸ் வெர்டெல் எங்களைத் தாண்டி நடைக்கு வந்தார். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே நாடாவைக் கடந்தார். முன்னறைக்குப் போய், விளக்கடியில் இருந்த அந்த நாற்காலியின் முன்னால் நின்றார். நாங்கள் வரும்போது பார்க்காமல் தாண்டி வந்த நாற்காலி. இப்போதுதான் கண்ணில் பட்டது: முதுகில் ஒரு தலைக்கும் இரண்டு தோளுக்கும் ஆன குழி, கைப்பிடியில் மடித்துப் போட்ட போர்வை, காலடியில் வீட்டுச் செருப்பு, பக்கத்து முக்காலியில் தண்ணீர், மாத்திரை டப்பா, கடிகாரம்.

"கடைசி மாசம் அவரால படுக்க முடியல" என்றார், எங்கள் பக்கம் திரும்பாமல். "உக்காந்துதான் மூச்சு விடுவாரு. இதுல அவரு, பக்கத்துல ஸ்டூல் போட்டு நான். அப்புறம் நான் இதுக்கு மாறினேன். என் மகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருவா."

"அண்ணி" என்றார் க்ளியோட்டா. 

மிஸ் வெர்டெல் உட்கார்ந்தார். பக்கவாட்டுப் பிடியை இழுத்தார். கால்பலகை மேலே எழுந்தது, முதுகு பின்னால் சாய்ந்தது. போர்வையை, ஜூலை மாதத்து வெக்கையில், கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மிஸ் யூஜீனியா தன் காலடியில் இருந்த நாடாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார். டப் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். 

மிஸ் வெர்டெல் கண்களை மூடினார். மூடியபடியே இடது கையை ஒரே வீச்சில் நீட்டி, விளக்கின் சங்கிலியைத் தடவித் தேடாமல் பிடித்து, இழுத்து அணைத்தார்.